துரைமார் தந்த வளம்

ஆண்டுதோறும் ஏதாவதொரு மேடையில் இந்தப் பேச்சு கேட்கும். வெள்ளைக்காரன் வந்த பிறகுதான் குடியானவன் சந்தையைக் கண்டான். பருத்தியும் அவுரியும் போட்டு நாலு காசு பார்த்தான். யாரும் அவன் கையை முறுக்கவில்லை. ரயில் வந்ததும் பஞ்சம் ஒழிந்தது. கைதட்டலும் கிடைக்கும். ஏற்றுமதிக் கணக்கை மட்டும் புரட்டிவிட்டு மேடையேறியவர் என்பது மூன்றாம் நிமிடத்திலேயே தெரிந்துவிடும்.

ரயிலை முதலில் முடித்துவிடலாம். ராயபுரத்தில் 1856-இலேயே ரயில் புறப்பட்டது. இருபது ஆண்டு கழித்து வந்த தாது வருஷப் பஞ்சத்தில் சென்னை மாகாணத்தில் லட்சக்கணக்கானோர் மாண்டார்கள். பஞ்சத்துக்கு அட்டவணை தெரியவில்லை போலும்.

அடுத்து, அந்த நாலு காசு. 1861-இல் அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் மூண்டது. லங்காஷயர் ஆலைகளுக்குப் பஞ்சு வரத்து குறைய, இந்தியப் பருத்தியின் விலை எகிறியது. வண்டிச் சக்கரத்துக்கு வெள்ளிப்பட்டை போட்டான் விவசாயி என்ற கதையை மேடைக்காரர்கள் விடாமல் சொல்வார்கள். கதை 1865-இல் நின்றுவிடும். போர் முடிந்து விலை சரிந்ததையோ, தக்காணத்தில் சர்க்கார் நிலவரியை ஏற்றியதையோ, விலை ஏறியபோது தாராளமாகக் கடன் கொடுத்த சாவுகார் பிறகு பிடியை இறுக்கியதையோ சொல்ல நேரம் போதாது. 1875 மே 12-இல் புனே மாவட்டத்துச் சூபாவில் குடியானவர்கள் திரண்டு சாவுகார்களின் வீடு, கடைகளில் புகுந்தார்கள். அவர்கள் தேடியது கடன்பத்திரங்களை, கிடைத்ததைக் கொளுத்தினார்கள்.

கையை முறுக்கவில்லை என்பதுதான் இந்தப் பேச்சின் உச்சம். அதற்குப் பதில் பீகாரின் சம்பாரணில் இருக்கிறது. அங்கே ஒரு பிகா என்றால் 20 கட்டா. அதில் 3 கட்டாவில் அவுரி போட்டே ஆகவேண்டும். 'தீன்கட்டியா' என்பது இந்த ஏற்பாட்டின் பெயர். எந்த 3 கட்டா என்று சொல்வது தோட்டத் துரையின் ஆள். நல்ல மண்ணாகப் பார்த்துத்தான் கைகாட்டுவான். வாங்கும் விலையும் துரை வைத்ததே. துரை யானை வாங்கினாலும், குதிரை வாங்கினாலும், மோட்டார் வாங்கினாலும் குடியானவன் தலையில் தனித்தனியாக ஒரு வசூல் விழும். சுதந்திரச் சந்தை என்பது இதுதானாம்!

இதைவிடப் பெரிய வேடிக்கை பின்னால் வந்தது. 1897-இல் ஜெர்மனியின் பாஸ்ஃப் நிறுவனம் செயற்கை நீலச் சாயத்தை விற்பனைக்கு விட்டது. அதே நீலத்தைச் செடியிலிருந்து தந்துவந்த அவுரி படுத்துவிட்டது. வியாபாரம் நொடித்தால் நஷ்டம் வியாபாரிக்கு என்பது ஊர் வழக்கம். சம்பாரணில் துரைமார் குடியானவர்களைக் கூப்பிட்டு, இனி அவுரி போடவேண்டாம், விடுதலை தருகிறோம், அதற்குப் பணம் கட்டுங்கள் என்றார்கள். குத்தகையை ஏற்றினால் அது 'சரஹ்பேஷி'. மொத்தமாக வாங்கினால் 'தாவான்'. ரொக்கம் இல்லாதவன் வட்டிக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தான். அவுரி ஓடியபோது லாபம் துரைக்கு, ஓடாதபோது நஷ்டம் குடியானவனுக்கு. இத்தனை நேர்த்தியான காப்பீட்டுத் திட்டம் இன்றைய கம்பெனிகளுக்கே கைவரவில்லை.

1914-இல் போர் வந்து ஜெர்மன் சாயம் நின்றதும் விலை மறுபடி ஏறியது. அவுரி சாகுபடியும் மீண்டும் பெருகியது. ராஜ்குமார் சுக்லா என்ற விவசாயி காந்தியை விடாமல் துரத்தி அழைத்துவந்தது 1917-இல். குடியானவர்களின் வாக்குமூலங்கள் ஆயிரக்கணக்கில் குவிந்தன. வேறு வழியின்றிச் சர்க்கார் குழு அமைத்தது. காந்தியும் அதில் ஓர் உறுப்பினர். மறு ஆண்டே சட்டம் வந்து தீன்கட்டியா ஒழிந்தது. தாவான் பணத்தில் கால் பங்கைத் திருப்பித் தரத் துரைமார் இசைந்தார்கள். மீதி முக்கால் பங்கு அவர்களிடமே தங்கிவிட்டது. அதுவும் வணிக வளர்ச்சிக் கணக்கில்தான் சேரும்போல.