பஸ் தன் டிரைவரைத் தானே தேடிக்கொள்வதில்லை

இந்த வாரம் பழைய கதை இல்லை. ஒரு சண்டை. எதிராளி என் பேரன்.

போன மார்கழியில் எங்கள் தெருவில் குடும்ப ஓய்வூதியம் வாங்கும் அம்மாள் ஒருவர், ஓர் அலுவலகத்தின் இணையப் பக்கத்தில் தம் விவரங்களைப் பதிய வேண்டியிருந்தது. கைப்பேசிக்கு ஓ.டி.பி. வந்தால்தான் அடுத்த பக்கம் திறக்கும். மூன்று வாரமாக வரவில்லை. நானே அவரைக் கூட்டிக்கொண்டு போய்க் கேட்டேன். "எஸ்.எம்.எஸ். அனுப்புற கம்பெனி மாறிடுச்சு சார். பழைய கம்பெனி பேரு ப்ரோகிராம்ல எங்கெங்க இருக்குன்னு தேடித் தேடி மாத்திக்கிட்டிருக்காங்க" என்றார்கள். அந்த மாதம் அவருக்குப் பணம் வரவில்லை. மருந்துக்கடையில் கடன் சொன்னார்.

வீட்டுக்கு வந்து பேரனிடம் பொரிந்து தள்ளினேன். அவன் புதுச்சேரியில் ஒரு பிரெஞ்சு வாடிக்கையாளருக்காக சிம்ஃபனி என்ற சட்டகத்தில் இணையச் செயலி எழுதுகிறவன். சிம்ஃபனி, ஃபாபியென் பொத்தான்சியே என்ற பிரெஞ்சுக்காரர் 2005-இல் வெளியிட்டது. பாண்டிச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன் என்பதால் அவனுக்கு வரும் பிரெஞ்சுக் கடிதங்களை நான்தான் படித்துச் சொல்வேன். 'டிபென்டன்சி இன்ஜெக்ஷன்' என்ற சொல் எனக்கு அறிமுகமானது அப்படித்தான். பெயர் பயமுறுத்தும், விஷயம் எளியது.

நம் ஓரிக்கைப் பணிமனையைப் பாருங்கள். உத்திரமேரூர் போகிற பஸ் தன் டிரைவரைத் தானே தேடிப் பிடிப்பதில்லை. ஹெவி லைசென்ஸ் உள்ள ஒருவர் வேண்டும், அவ்வளவுதான். இன்று யார் என்று பணிமனை முடிவு செய்து அனுப்புகிறது. ஒருவர் லீவு என்றால் இன்னொருவர் ஏறுவார். அதற்காக பஸ்ஸைப் பிரித்துக் கட்ட வேண்டியதில்லை.

ப்ரோகிராமிலும் இதேதான். ஓ.டி.பி. அனுப்பும் பகுதி, "எஸ்.எம்.எஸ். அனுப்பத் தெரிந்த ஒன்று எனக்கு வேண்டும்" என்று கன்ஸ்ட்ரக்டர் என்ற தன் வாசலில் எழுதி வைத்தால் போதும். எந்தக் கம்பெனி என்பதைச் சட்டகத்தின் 'கன்டெய்னர்' தீர்மானித்து உள்ளே கொடுக்கும். கம்பெனி மாறினால் ஒரே இடத்தில் திருத்தம். சோதனை நாளில் நிஜமான எஸ்.எம்.எஸ். போகாமல், அனுப்பியதாகப் பாவனை செய்யும் ஒன்றைக் கொடுத்தும் பார்க்கலாம். இதற்கு இந்தப் பெயர் நிலைத்தது 2004-இல் மார்ட்டின் ஃபவுலர் எழுதிய கட்டுரையால். ஜாவாவில் ஸ்பிரிங் சட்டகத்தின் 1.0 பதிப்பு வந்ததும் அதே ஆண்டுதான். இருபது வருஷத்துக்கு மேல் ஆயிற்று. இன்னும் 'புதுசு' என்று சாக்குச் சொல்ல முடியாது.

இனி பேரனின் வாதம். "சின்ன அப்ளிகேஷன் தாத்தா. நேரா எழுதிட்டுப் போனா சீக்கிரம் முடியும்." சின்னதாகத்தானப்பா எல்லாம் தொடங்கும்! ஒரு தற்காலிக ரிஜிஸ்டர் முப்பது வருஷம் நிரந்தரமாக ஓடியதைப் பார்த்தவன் நான். கூட்டல் கணக்குப் போட வெளியிலிருந்து ஆள் வேண்டாம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பணம், எஸ்.எம்.எஸ்., டேட்டாபேஸ் என்று வெளியாரோடு பேசும் இடமெல்லாம் ஒருநாள் மாறியே தீரும்.

அடுத்து சொன்னான்: "எதை யார் உள்ளே கொடுத்தாங்கன்னே தெரியாது தாத்தா, மாயம் மாதிரி இருக்கும்." இது நியாயமான பயம். அதற்குப் பதில் நம் பக்கத்து ஊர்க் கோயில் சுவரிலேயே இருக்கிறது. உத்திரமேரூர்க் கல்வெட்டு, முதலாம் பராந்தக சோழன் காலம், கி.பி. 919, 921 வாக்கு. முப்பது குடும்புகளிலிருந்து வாரிய உறுப்பினர்களைக் குடவோலையில் எடுத்தார்கள். தகுதி முன்கூட்டியே எழுதப்பட்டது: வயது 35-க்கு மேல், 70-க்குள், கணக்குக் காட்டாதவரும் அவர் நெருங்கிய உறவும் கூடாது. சபை முழுதும் கூடியிருக்க, ஒரு சிறுவன் ஓலையை எடுப்பான். மத்தியஸ்தன் அதை ஐந்து விரலும் விரித்த உள்ளங்கையில் வாங்கி, எல்லோரும் கேட்க வாசிப்பான். வாரியம் தன் ஆட்களைத் தானே வைத்துக்கொள்ளவில்லை. வெளியிலிருந்து வந்தார்கள், வெளிச்சத்தில் வந்தார்கள்.

சிம்ஃபனியிலும் அந்த வெளிச்சம் உண்டு. எதற்கு எது என்று ஒரு கோப்பில் எழுதலாம். கட்டளை கொடுத்தால் முழுப் பட்டியலும் திரையில் வரும். அந்தப் பட்டியலைப் பார்க்காமல் 'மாயம்' என்பது, சார்ஜ் லிஸ்ட்டைப் படிக்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பொருளைக் காணோம் என்று கத்துவது போலத்தான்.

பேரன் இன்னும் முழுதாக ஒத்துக்கொள்ளவில்லை. பரவாயில்லை, அவனிடம் வயது இருக்கிறது. மருந்துக்கடையில் கடன் சொன்ன அம்மாளிடம் அது இல்லை. ஆகவே இன்று நாற்காலியில் இருப்பவர்களுக்கு ஒரு பழைய குமாஸ்தாவின் குறிப்பு. இணையப் பக்கம் செய்து கொடுத்தவர் பில்லோடு வந்து நிற்கும்போது ஒரே கேள்வி கேளுங்கள்: "நாளைக்கு எஸ்.எம்.எஸ். கம்பெனி மாறினால் எத்தனை இடத்தில் திருத்த வேண்டும்?" 'ஒரே இடம்' என்று சொல்லி, அதைக் காட்டவும் செய்தால் பில்லைப் பாஸ் செய்யுங்கள். இல்லையென்றால் திருப்பி அனுப்புங்கள்.