விமானமும் தூரமும்

மதுரைக்கு வடமேற்கே துபாயும், தென்கிழக்கே சிங்கப்பூரும் ஆகாய மார்க்கத்தில் ஏறத்தாழ ஒரே தூரத்திலுள்ளன. ஒவ்வொன்றும் சுமார் 3000 கிலோமீட்டர். ஐயமுறுவோர் உருண்டைப் பூகோளத்தில் நூலிட்டு அளந்து பார்ப்பாராக. நேரே பறப்பின் இரண்டிற்கும் நான்கு மணி நேரமளவே செல்லும். ஆயினும் பிரயாணச் சீட்டிற் கண்ட மணிகளைக் கழித்துப் பார்ப்போர், துபாய்க்கு இரண்டரை மணியென்றும் சிங்கப்பூருக்கு ஆறரை மணியென்றும் மயங்குவர். முன்னதன் கடிகாரம் நமக்கு ஒன்றரை மணி பிந்தியும், பின்னதன் கடிகாரம் இரண்டரை மணி முந்தியும் ஓடுவதே காரணம்.

இம்மயக்கம் எளிதில் தெளிவது. எளிதில் தெளியாதது வேறொன்றுண்டு. நாகப்பட்டினத்தில் 'ரஜூலா' கப்பலேறிப் பல நாட்களைக் கடலிற் கழித்த நம் முன்னோரினும், நான்கு மணியில் பறக்கும் நாம் இல்லத்திற்கு மிக அணித்தாயினோம் என்றெண்ணுகிறோம். அவ்வெண்ணம் முற்றும் சரியன்று என்பதே நம் கருத்து.

நம் கல்லூரிப் பழைய மாணவர் ஒருவர், சிங்கப்பூரில் ஒருநாள் விடியற்காலையில் தம் அன்னையார் மறைந்த செய்தி கேட்டார். அன்று மதுரைக்கு நேர் விமானம் இல்லை. சென்னையில் வந்திறங்கி, அங்கிருந்து மோட்டாரில் திருமங்கலம் சேர்வதற்குள் மறுநாட் பொழுதும் புலர்ந்துவிட்டது. ஐஸ் பெட்டியின் தயவால் முகங்காண நேர்ந்தது. நான்கு மணித் தூரம் அவருக்கு ஒரு நாளினும் நீண்டது.

எவ்வூர்க்கு எந்நாட்டு விமானம் வாரம் எத்தனை முறை வரலாமென்பது, பெரும்பாலும் அரசாங்கங்கள் தம்முட் செய்யும் ஒப்பந்தங்களைப் பொறுத்ததாகும். ஆகவே மதுரை விமான நிலையத்தைப் பெரிதாக்கக் கோருவோர், ஓடுபாதையின் நீளத்தோடு, அவ்வொப்பந்தங்களில் மதுரையின் பெயரையும் வாரத்தின் ஏழு நாட்களையும் சேர்த்துக் கேட்பாராக.