என்ஜினைக் காதால் வாங்காதீர்கள்

ரந்தாவ், லாபு, சிலியாவ் பக்கத்துத் தோட்டங்களில் பழைய கார் வாங்கும்போது ஒரு சடங்கு நடக்கும். பானெட்டைத் திறப்பார்கள், என்ஜினை முடுக்குவார்கள். கூட வந்தவர் காதைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, "சத்தம் நல்லாத்தான் இருக்கு" என்பார். பணம் கைமாறிவிடும். பஸ் எட்டிப்பார்க்காத தோட்டத்தில் கார் ஆடம்பரப் பொருளல்ல. அந்தப் பணமும் பல மாதச் சேமிப்பு. சில வீடுகளில் கடன். அதைக் காதை நம்பிக் கொடுக்கக் கூடாது என்பது என் கருத்து. விலை பேசுமுன் கம்ப்ரெஷன் டெஸ்ட் கேளுங்கள்.

1985இல் வந்த புரோட்டோன் சாகாவுக்கு நான்கு சிலிண்டர்கள். 1994இல் வந்த பெரோடுவா கஞ்சிலுக்கு மூன்றுதான். மூன்றில் ஒன்று சோர்ந்தால் என்ன ஆகும் என்று நீங்களே கணக்கிடலாம். இருந்தும் சமதரையில் கார் ஓடும். சத்தத்திலும் பெரிதாகத் தெரியாமல் போகலாம். மேட்டில்தான் குட்டு வெளிப்படும்.

சோதனை எளிது. சூடேறிய என்ஜினில் ஸ்பார்க் பிளக்குகள் அனைத்தையும் கழற்றி, பெட்ரோலையும் தீப்பொறியையும் துண்டித்துவிட்டு, பிளக் துளையில் அழுத்தமானியைத் திருகுவார் மெக்கானிக். ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்தபடி ஸ்டார்ட்டரைச் சில சுற்று ஓட விட்டால் முள் ஏறி நிற்கும். இப்படி ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஓர் எண். (சூடான என்ஜினில் இதை நீங்களே செய்து பார்க்க வேண்டாம்.)

இங்கேதான் நான்காம் படிவ இயற்பியல் வருகிறது. பிஸ்டன் காற்றை ஒன்பதில் ஒரு பங்காகச் சுருக்குகிறது என்று வைத்துக்கொள்வோம். பாயில் விதிப்படி அழுத்தம் ஒன்பது மடங்காகும். மானி வளிமண்டலத்துக்கு மேலுள்ளதை மட்டும் காட்டுவதால், 14.7ஐ எட்டால் பெருக்குங்கள்: ஏறக்குறைய 118 பி.எஸ்.ஐ. ஆனால் நல்ல என்ஜினில் முள் 150ஐயும் தாண்டும். பாயில் பொய் சொன்னாரா? இல்லை. அவர் விதி வெப்பநிலை மாறாதபோது மட்டும்தான் பொருந்தும். வேகமாக அழுத்தப்படும் காற்று சூடேறுகிறது. வெப்பம் வெளியேற நேரமில்லை. சைக்கிளுக்குக் காற்றடிக்கும் பம்ப் சுடுவதும் இதனால்தான்.

எண்ணின் உயரத்தைவிடச் சிலிண்டர்களுக்கு இடையேயான வேறுபாட்டைப் பாருங்கள். 165, 160, 105 என்று வந்தால் மூன்றாவது கசிகிறது. அதில் ஒரு தேக்கரண்டி என்ஜின் எண்ணெய் விட்டு மறுபடி சோதிப்பார்கள். எண் ஏறினால் பிஸ்டன் ரிங்கோ சிலிண்டர் சுவரோ தேய்ந்திருக்கலாம். எண்ணெய் அந்த இடுக்கைத் தற்காலிகமாக அடைத்திருக்கிறது. ஏறாவிட்டால் வால்வைச் சந்தேகிக்கலாம். அடுத்தடுத்த இரண்டு சிலிண்டர்கள் ஒன்றாக இறங்கியிருந்தால் ஹெட் கேஸ்கெட். கியர்பாக்ஸையும் துருவையும் பற்றி இந்தச் சோதனை ஒன்றும் சொல்லாது. அவற்றைத் தனியே பார்க்கத்தான் வேண்டும்.

பட்டறை வேலை படிப்பு வராதவர்களுக்கு என்ற பேச்சு எனக்கு எரிச்சலூட்டும். வாயு விதியைச் சிரிஞ்சை வைத்து மட்டும் நடத்துவானேன்? வீட்டில் கார் பட்டறைக்குப் போகும்போது கூடப் போங்கள். எண்களையும், எண்ணெய் விட்ட பின் கிடைத்த எண்ணையும் ஒரு தாளில் குறித்து வகுப்புக்குக் கொண்டு வாருங்கள். வாங்கப் போகும் காராக இருந்தால், அந்தத் தாளை முதலில் அப்பாவிடம் கொடுங்கள். விலை பேச உதவும்.