ஓடுபவருக்குத் தண்ணீர் கொடுப்போம்

பரந்தன் சந்தியில் தொடங்கி, தர்மபுரம், விசுவமடு, உடையார்கட்டு, புதுக்குடியிருப்பு வழியாக முல்லைத்தீவைச் சென்றடையும் வீதி ஐம்பது கிலோமீற்றருக்குச் சற்று அதிகமானது. மரதன் ஓட்டத்தின் முழுத் தூரம் 42.195 கிலோமீற்றர். பரந்தனில் ஓடத் தொடங்கும் ஒருவர் முல்லைத்தீவுக் கடலைக் காணுமுன்னரே ஒரு மரதனை ஓடி முடித்துவிடுவார்.

இந்த வீதியின் நீளத்தை எமது மக்களுக்கு எவரும் கணக்கிட்டுச் சொல்ல வேண்டியதில்லை. 2008 ஆம் ஆண்டின் பிற்பகுதியில் கிளிநொச்சிப் பக்கத்து மக்கள் மூட்டை முடிச்சுகளோடு இந்த வீதிக்கு வந்தார்கள். 2009 ஜனவரியில் விசுவமடுவும் வெறிச்சோடியது. உழவு இயந்திரப் பெட்டியிலும், சைக்கிளிலும், கால்நடையாகவும் கிழக்கு நோக்கிப் போனார்கள். போனவர்கள் எல்லோரும் திரும்பவில்லை. உயிர் தப்பியோரில் பெரும்பாலானோர் செட்டிகுளம் மெனிக் பாம் முகாமைக் கண்டவர்கள். 2012 செப்டெம்பரில் அம்முகாம் மூடப்பட்டது.

எனவேதான் எமது பேச்சில் ‘ஓட்டம்’ என்ற சொல்லுக்கு வேறொரு பொருள் உண்டு. “தொண்ணூற்றைந்தில் ஓடினது”, “கடைசியாக ஓடினது” என்று ஆண்டுக் கணக்கையே ஓட்டத்தால் சொல்லுகிற மக்கள் நாம். 1977 கலவரத்தின் பின் மலையகத்திலிருந்து வன்னிக்கு வந்தவர்களும், 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்தை விட்டுப் புறப்பட்டவர்களும் எம்மத்தியில் இருக்கிறார்கள். சொந்தக் காணியில் மறுபடி ஏர் பிடித்தவர்களும், இன்னும் பிறர் காணியில் குடியிருப்பவர்களும் இருக்கிறார்கள்.

இப்படிப்பட்ட மண்ணில் ஒரு பிள்ளை விடியற்காலையில் எழுந்து, எவரும் துரத்தாமல், தன் விருப்பத்தோடு ஓடுவது சிறிய காரியம் அல்ல. அதை அந்தப் பிள்ளையின் தனிப்பட்ட விளையாட்டாகக் கருதாமல், கிராமம் தன் காரியமாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வேண்டுகோள்.

வயிற்றுப்பாடும் ஓட்டமும்

“வயலில் வேலை கிடக்க, காலை நேரத்தில் ஓட்டம் எதற்கு? ஓடினால் சோறு வருமா?” என்று கேட்கும் பெற்றோர் உண்டு. இக்கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை. கடனோடு விதைத்து, மழையை நம்பி நிற்கும் குடும்பத்தில் இரண்டு கைகள் குறைவது பெரிய நட்டம். மரதன் ஓடுவதால் வேலை கிடைக்கும், பணம் வரும் என்று எவரும் வாக்குக் கொடுக்க முடியாது. ஆயினும் பணத்தால் மட்டும் அளக்க முடியாத நன்மைகள் உண்டு. ஓட்டப் பயிற்சி செய்பவர் நேரத்துக்கு உறங்கி நேரத்துக்கு எழ வேண்டும். மதுவோடும் புகையோடும் அது ஒத்துப்போகாது. இன்று விதைத்ததை நாளை அறுக்க முடியாது என்ற கமக்காரனின் அறிவையே அது இளைஞருக்கும் கற்பிக்கிறது.

வயது ஒரு தடை என்று எண்ணுவோருக்கு எமது மாவட்டமே பதில் சொல்லியிருக்கிறது. முள்ளியவளையைச் சேர்ந்த அகிலத்திருநாயகி ஸ்ரீசெயானந்தபவன் அம்மையார், 2023 ஆம் ஆண்டு பிலிப்பைன்ஸ் நாட்டில் நடைபெற்ற மூத்தோருக்கான மெய்வல்லுநர் போட்டியில் 72 வயதில் கலந்துகொண்டார். 1500 மீற்றர் ஓட்டத்திலும் 5000 மீற்றர் வேகநடையிலும் தங்கப் பதக்கங்களையும், 800 மீற்றர் ஓட்டத்தில் வெண்கலப் பதக்கத்தையும் பெற்றார். எமது பெண்பிள்ளைகள் வீதியில் ஓடுவதைப் பார்த்து முகம் சுழிப்பவர்கள் இதை நினைவில் வைத்திருப்பது நல்லது.

அகதி முகாமிலிருந்து ஓடியவர்கள்

வெளியுலகிலும் எமக்குப் பாடம் உண்டு. கென்யா நாட்டின் வடமேற்கில், வறண்ட துர்க்கானா நிலத்தில் ககுமா என்றொரு அகதி முகாம் 1992 ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. தென் சூடான் போரிலிருந்து தப்பியவர்கள் பெருந்தொகையாக அங்கு வாழ்கின்றனர். தெக்லா லொறூப் என்ற கென்ய நாட்டுப் பெண்மணியை ஓட்டப் போட்டிகளை அறிந்தவர்கள் மறக்கமாட்டார்கள். 1994 இல் நியூயோர்க் மரதனில் வெற்றி பெற்ற முதல் ஆபிரிக்கப் பெண் இவர். இவருடைய அமைப்பு ககுமாவில் ஓட்டத் தேர்வுகளை நடத்தியது. ஒழுங்கான சப்பாத்துக்கூட இல்லாதவர்கள் அத்தேர்வுகளில் ஓடினார்கள். தெரிவானவர்கள் நைரோபிக்கு அருகிலுள்ள ங்கொங் என்ற இடத்துக்கு அழைத்துச் செல்லப்பட்டுப் பயிற்சி பெற்றார்கள்.

2016 இல் றியோ நகரில் நடந்த ஒலிம்பிக்கில் முதன்முதலாக அகதிகளுக்கென ஓர் அணி பங்குகொண்டது. அதில் இருந்த பத்துப் பேரில் ஐவர் ககுமா முகாமோடு தொடர்புடைய தென் சூடான் ஓட்டக்காரர்கள். சிறு வயதில் போரால் ஊரைவிட்டு வந்த றோஸ் லொக்கொன்யென் என்ற பெண் அணியின் கொடியைத் தாங்கிச் சென்றார். போலோ லொக்கொறோ என்பவர் ஊரில் குடும்பத்தின் சில மாடுகளை மேய்த்தவர். மரதன் ஓட்டத்தில் அந்த அணிக்காக ஓடியவர், எத்தியோப்பியாவிலிருந்து வெளியேறி லக்சம்பேர்க்கில் அடைக்கலம் பெற்றிருந்த யோனாஸ் கிண்டே. அவர் 2 மணி 24 நிமிடம் 8 செக்கனில் ஓடி முடித்து 90 ஆவது இடத்தைப் பெற்றார்.

அந்தப் பத்துப் பேரில் எவரும் பதக்கம் பெறவில்லை. பலர் தம் முதற் சுற்றிலேயே பின்தங்கினார்கள். அப்படியிருந்தும் அவர்களுடைய ஓட்டம் வீணானது என்று எவரும் சொல்லவில்லை. முகாமில் இருந்தவர்கள் அவர்களில் தம்மைக் கண்டார்கள். ஓடியவர்களும் தம்மை ஆளாக்கிய முகாம் மக்களுக்காக ஓடுவதாகவே கருதினார்கள். நன்றி என்பதன் உண்மையான பொருள் இங்கேதான் தெரிகிறது.

நன்றி எப்படிப்பட்டது?

இடம்பெயர்ந்த மக்களிடம் உலகம் எப்போதும் நன்றியை எதிர்பார்க்கிறது. நிவாரணப் பொதியை வாங்கும்போது படம் எடுப்பார்கள். கிணறு கட்டினால் கிணற்றை விடப் பெயர்ப்பலகை பெரிதாக இருக்கும். கூட்டத்தில் ஒருவர் எழுந்து நன்றியுரை சொல்ல வேண்டும். உதவியவர்களில் நல்ல மனத்தோடு வந்தவர்கள் ஏராளம். அவர்களை நாம் குறைகூறவில்லை. ஆனால் தன் நிலத்தில் நெல் விளைவித்து ஊருக்கே சோறு போட்ட கமக்காரன், ஒரு பொதி அரிசிக்காகக் கைகட்டி நன்றி சொல்லி நிற்கும்போது அவன் உள்ளத்தில் ஏதோ ஒன்று தாழ்ந்துபோகிறது. ஆலயங்களைச் சார்ந்த நிறுவனங்களும் இதைச் சிந்திக்க வேண்டும்.

இதற்கு மாறான ஒரு வழக்கம் எமது மண்ணில் நெடுங்காலமாக இருக்கிறது. அதுதான் தண்ணீர்ப்பந்தல். வைகாசியில் வற்றாப்பளை அம்மன் பொங்கலுக்குப் போகிறவர்களுக்கும், மடுத் திருவிழாவுக்கு நடந்து போகிறவர்களுக்கும், செல்வச்சந்நிதியிலிருந்து கதிர்காமத்துக்குப் பாதயாத்திரை செல்பவர்களுக்கும் வழியோரத்தில் மோரும் சர்க்கரைத் தண்ணீரும் வைப்பார்கள். குடிப்பவர் எந்த ஊர், எந்தச் சமயம், எந்தச் சாதி என்று பந்தலில் கேட்பதில்லை. குடித்தவரும் நின்று நன்றியுரை நிகழ்த்துவதில்லை. தலையசைத்துவிட்டு நடக்கிறார். அடுத்த ஆண்டு அவரே வேறொரு வீதியில் செம்பும் குடமுமாக நிற்கிறார். வாங்கியதைக் கொடுத்தவருக்கே திருப்பிச் செலுத்த வேண்டும் என்பதில்லை, அடுத்து வருபவருக்குக் கொடுத்தாலும் கடன் தீர்ந்துவிடுகிறது.

பாடசாலை இல்ல மெய்வல்லுநர் போட்டிக் காலத்தில் இதே காட்சியைக் காண்கிறோம். மரதன் ஓட்டம் நடக்கும் காலையில் வீட்டுப் படலைகளில் வாளிகளோடு தாய்மார் நிற்பார்கள். முதலில் வரும் பிள்ளைக்கும் கடைசியாக மூச்சு வாங்கி வரும் பிள்ளைக்கும் ஒரே தண்ணீர்தான். அது தன் வீட்டுப் பிள்ளையா என்று பார்த்து எவரும் வாளியைச் சரிப்பதில்லை.

மரதனுக்குப் பயிற்சி பெறும் இளைஞர் ஒருவருக்குக் கிராமம் கொடுக்க வேண்டிய ஆதரவு இவ்விதமானது. அவர் செலுத்த வேண்டிய நன்றியும் இவ்விதமானது. தன் பயிற்சி முடிந்ததும் தன்னிலும் இளைய பிள்ளையோடு கூட ஓடுவது, ஓட்டத்தால் உரமேறிய உடலோடு விதவைத் தாயொருவரின் வயலில் ஒருநாள் அருவி வெட்டிக் கொடுப்பது, இவையே அவருடைய நன்றியுரை.

விசுவாசமும் உணவும்

பவுல் அடிகளார் கொரிந்து நகர மக்களுக்கு எழுதியபோது ஓட்டப் பந்தயத்தை உவமையாக எடுத்தார். அந்நகருக்கு அருகே இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை பெரும் விளையாட்டு விழா நடப்பது வழக்கம். ஓட்டக்காரர் தம் உடலை எவ்வாறு அடக்கிப் பழக்குகிறார் என்பதை அம்மக்கள் கண்ணால் கண்டவர்கள். விசுவாசமும் அவ்வாறு நாள்தோறும் பழகிவர வேண்டியதென்று அவர் உணர்த்தினார்.

ஆனால் விசுவாசத்தைச் சாட்டாக வைத்து உடலின் தேவைகளை மறுப்பது தவறு. “செபித்துவிட்டு ஓடு, கடவுள் பார்த்துக்கொள்வார்” என்று வெறும் வயிற்றோடு ஒரு பிள்ளையை அனுப்புவது பக்தி அல்ல. நீண்ட தூரம் ஓடும்போது தசைகளில் சேமித்துள்ள மாச்சத்து ஏறக்குறைய முப்பது கிலோமீற்றர் அளவில் தீர்ந்துபோகிறது. அதன்பின் கால்கள் ஈயம்போல் கனக்கும். பெண்பிள்ளைகளுக்கு இரும்புச்சத்துக் குறைவு இருந்தால் களைப்பு இன்னும் விரைவில் வரும். குரக்கன், உழுந்து, பயறு, கச்சான், முருங்கை இலை, கருவாடு ஆகிய எல்லாம் எமது ஊரிலேயே கிடைப்பவை. வியர்வையில் உப்பும் போகிறபடியால் வெறும் தண்ணீரை மட்டும் அளவுக்கு மீறிக் குடிப்பதும் ஆபத்து. உப்புச் சேர்த்த மோரும் கஞ்சியும் நல்ல துணை.

கிராமம் செய்யக்கூடியவை

முதலாவது, காலம். காலபோக அறுவடை மாசி, பங்குனியில் முடிந்தபின் சிறிது ஓய்வு கிடைக்கும். முழு மரதனுக்கு நான்கு மாதப் பயிற்சியாவது தேவை. வன்னி வெயிலில் காலை ஆறரை மணிக்குப் பின் நெடுந்தூரம் ஓடுவது நல்லதல்ல. வயலில் முழுநாளும் நின்ற உடலுக்கு அதுவே ஒரு பயிற்சி. அன்று ஓடாமல் ஓய்வெடுக்க வேண்டும். தூரத்தை வாரந்தோறும் சிறிது சிறிதாகவே கூட்ட வேண்டும்.

இரண்டாவது, பாதுகாப்பு. இருட்டில் ஓடும் பிள்ளைக்கு யானையும் ஆபத்து, வேகமாக வரும் வாகனமும் ஆபத்து. மூன்று நான்கு பேராக ஓடட்டும். சைக்கிளில் ஒரு பெரியவர் வெளிச்சத்தோடு பின்னால் போகட்டும். பெண்பிள்ளைகளுக்குத் தாய்மாரோ மாதர் சங்கத்தினரோ துணை போகலாம்.

மூன்றாவது, வேலைப் பகிர்வு. இன்று உன் வயல், நாளை என் வயல் என்று கூடி உழைத்த வழக்கத்தை இங்கேயும் பயன்படுத்தலாம். நீண்ட ஓட்டம் உள்ள நாளில் அந்தப் பிள்ளையின் காலை வேலையை அயலவர் ஒருவர் ஏற்றுக்கொண்டால் பெற்றோரின் மனக்குறை பாதி தீரும்.

நான்காவது, வயது. பாடசாலையில் ‘மரதன்’ என்று நாம் அழைப்பது உண்மையில் சில கிலோமீற்றர் ஓட்டமே. சிறுவர்களுக்கு அதுவே போதும். பெரிய மரதன் போட்டிகள் பலவற்றில் 18 வயது நிரம்பியவர்களையே சேர்க்கிறார்கள். ஆர்வத்தால் சிறு பிள்ளைகளை முழுத் தூரம் ஓடவிடக் கூடாது. நெஞ்சுவலியோ மயக்கமோ ஏற்பட்டால் உடனே நிறுத்தி வைத்தியரிடம் காட்ட வேண்டும்.

இவற்றுக்குப் பெரும் நிதி தேவையில்லை. திட்ட அறிக்கையும் தேவையில்லை. கிராம அபிவிருத்திச் சங்கம், மாதர் சங்கம், பங்கு மக்கள், கோயில் தொண்டர்கள் ஆகியோர் ஒருநாள் கூடிப் பேசினால் போதும். பரந்தன் தொடக்கம் முல்லைத்தீவு வரை ஐந்து கிலோமீற்றருக்கு ஒரு தண்ணீர்ப்பந்தல் என்றால், பத்துக் கிராமங்கள் ஆளுக்கொன்று ஏற்றுக்கொள்ளலாம். பெயர்ப்பலகை வேண்டாம், படமும் வேண்டாம்.

அன்புக்குரிய விவசாயக் குடும்பங்களே, நாம் ஓடிய நாட்களில் வழியில் தண்ணீர் தந்தவர்கள் பலருடைய பெயர் எமக்குத் தெரியாது. அவர்களில் சிலர் இன்று உயிரோடு இல்லை. அவர்களைத் தேடிப் போய் நன்றி சொல்ல எமக்கு வழியில்லை. ஆனால் இன்று விடியற்காலையில் எமது படலையைக் கடந்து ஒரு பிள்ளை ஓடுகிறது. அதற்கு ஒரு செம்பு மோர் கொடுக்க எமக்கு வழி உண்டு.