ஓங்கி அடித்தால் போதுமா?

கல்வராயன் மலையில் சாமை குத்தும் பெண்களின் கையைக் கவனிக்க வேண்டும். ஒரே உரலில் இரண்டு பெண்கள் மாறி மாறிக் குத்துவார்கள். ஒருவர் உலக்கை ஏறும்போது மற்றவர் உலக்கை இறங்கும். உலக்கைகள் ஒன்றோடு ஒன்று மோதுவது இல்லை.

இந்தத் திறமை பலத்தால் வந்ததா? இல்லை. பழக்கத்தால் வந்தது.

கோல்ப் விளையாட்டின் இரகசியமும் இதுதான்!

கோல்ப் என்றால் என்ன?

பரந்த புல்வெளி. தரையில் அசையாமல் கிடக்கும் ஒரு சின்னப் பந்து. அதன் எடை சுமார் 46 கிராம். அதை நீண்ட மட்டையால் அடித்து, தூரத்தில் உள்ள குழியில் விழச் செய்ய வேண்டும். குழியின் அகலம் நாலேகால் அங்குலம். இப்படி 18 குழிகள். குறைந்த அடிகளில் முடிப்பவருக்கே வெற்றி.

அசையாத பந்தை அடிப்பது ஒரு வித்தையா என்று கேட்கலாம். வித்தைதான்! மட்டையும் பந்தும் தொட்டுக்கொண்டு இருப்பது ஒரு வினாடியில் சுமார் 2 ஆயிரத்தில் ஒரு பங்கு நேரம். அந்த நேரத்தில் பந்தின் திசை ஒரே ஒரு டிகிரி விலகினால் போதும். 200 மீட்டர் தூரம் போவதற்குள் பந்து மூன்றரை மீட்டர் தள்ளிப் போய்விடும்.

பலசாலி அடித்த பந்து ரொம்ப தூரம் போகும். ஆனால் ஒரு நாள் நேராகப் போகும். மறுநாள் புதருக்குள் போகும். ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி வீசத் தெரிந்தவரே ஜெயிக்கிறார்.

ஒரே ஓர் அடி!

பெங்களூரைச் சேர்ந்த அதிதி அசோக் இதற்கு நல்ல உதாரணம். அவர் மற்ற வீராங்கனைகளைப் போல நெடுந்தூரம் அடிப்பவர் அல்ல. ஆனால் குறி தவறாதவர்.

2021-ல் டோக்கியோவில் நடந்த ஒலிம்பிக் போட்டியில் அவர் ஆடினார். மட்டைப் பையைச் சுமந்து உடன் சென்றவர் அவருடைய தாயார். நான்கு நாள் ஆட்டத்தில் அதிதி 269 அடிகளில் முடித்து நான்காவது இடம் பெற்றார். வெண்கலப் பதக்கம் பெற்ற நியூசிலாந்து வீராங்கனை லிடியா கோ எடுத்துக்கொண்டது 268 அடிகள்.

ஒரே ஓர் அடியில் பதக்கம் போயிற்று! ஆனாலும், பலத்தை மட்டும் நம்பாமல் உலகின் முதல் நால்வரில் ஒருவராக முடியும் என்று அவர் காட்டிவிட்டார்.

சீரான வீச்சுக்கு வழி

மட்டையை இறுக்கிப் பிடிக்கக் கூடாது. பிடி இறுகினால் கை விறைத்துப் போகும்.

கால்களைத் தோள் அகலத்துக்கு வைத்து, தினமும் ஒரே மாதிரி நிற்க வேண்டும்.

அவசரம் கூடாது. தேர்ந்த ஆட்டக்காரர்கள் மட்டையை ஓங்க எடுத்துக்கொள்ளும் நேரம் மூன்று பங்கு என்றால், இறக்கி அடிக்கும் நேரம் ஒரு பங்கு. 'ஒன்று, இரண்டு, மூன்று' என்று எண்ணி ஓங்கி, 'நான்கு' என்றதும் அடித்துப் பழகலாம்.

கையால் மட்டும் அடிக்கக் கூடாது. மண்வெட்டி பிடிப்பவர் இடுப்பும் காலும் சேர்த்துத்தானே வெட்டுகிறார்? அதே முறைதான் இங்கும்.

அடித்து முடித்ததும் தள்ளாடாமல் நிற்க முடிகிறதா? முடிந்தால் வீச்சு பெரும்பாலும் சரியாக இருக்கும். முடியாவிட்டால் வேகத்தைக் குறைக்க வேண்டும். முதலில் பாதி வீச்சு. பிறகு முழு வீச்சு.

இன்னொருவரைப் பார்த்து அப்படியே ஆட வேண்டியதும் இல்லை. அமெரிக்க வீரர் ஜிம் பியூரிக்கின் மட்டை மேலே போய் ஒரு வளையம் போட்டுத்தான் கீழே வரும். பார்க்க விசித்திரமாக இருக்கும். ஆனால் ஒவ்வொரு முறையும் அதே வளையம்! அவர் 2003-ல் அமெரிக்க ஓப்பன் பட்டம் வென்றார். 2016-ல் ஒரு போட்டியின் ஒரு நாள் ஆட்டத்தை 58 அடிகளில் முடித்தார்.

பை சுமந்தவர்கள்

இது பணக்காரர் விளையாட்டு என்பார்கள். மைதானம் அவர்களிடம் இருப்பது உண்மை. திறமை அவர்களுக்கு மட்டும் சொந்தமா? 1991-ல் இந்திய ஓப்பன் பட்டத்தை வென்ற அலி ஷெர், டெல்லியில் பிறருக்கு மட்டைப் பை சுமந்தவர். 2009-ல் அதே பட்டத்தை வென்ற பெங்களூர் முனியப்பாவும் பை சுமந்தவரே. மைதானத்துக்குள் கால் வைக்க ஒரு வழி கிடைத்தது. பார்த்தார்கள், பழகினார்கள், வென்றார்கள்.

மலைப் பிள்ளைகளுக்கு என்ன வேண்டும்?

கள்ளக்குறிச்சி 2019-ல் தனி மாவட்டம் ஆயிற்று. கல்வராயன் மலைப் பிள்ளைகளும் அந்த மாவட்டத்துப் பிள்ளைகள்தான். அங்கே கோல்ப் மைதானம் இல்லை. உடனே வேண்டும் என்பதும் இல்லை. ஹாக்கி மட்டை ஆகட்டும், கிரிக்கெட் மட்டை ஆகட்டும், சீரான வீச்சுக்குப் பாடம் ஒன்றே.

சமமான ஒரு மைதானம், தவறினால் திருத்த ஓர் ஆசிரியர், தினமும் ஒரு மணி நேரம். இந்த மூன்றும் ஒவ்வொரு பள்ளிக்கும் வேண்டும்.

பல பள்ளிகளில் ஓங்கி அடிக்கும் பையனை மட்டும் பொறுக்கி எடுக்கிறார்கள். மெலிந்த பையனும், பெண் பிள்ளைகளும் ஓரமாக உட்கார்ந்து வேடிக்கை பார்க்கிறார்கள். இது பெரிய தவறு. பலம் வயதோடு வரும். பழக்கத்தைச் சிறு வயதிலேயே தொடங்கினால் நல்லது.

உலக்கை பிடித்துப் பழகிய தாயின் மகளுக்கு வீச்சின் தாளம் புதிது அல்ல. அவள் கையில் ஒரு மட்டையைக் கொடுத்துப் பார்க்கட்டும்!