பிரியம் இருந்தால் பசிக்காதா?

ஏப்ரல் மாதத்தின் கடைசிச் சனிக்கிழமை உலகக் கால்நடை மருத்துவ தினம். சென்னையில் ஒரு செல்லப்பிராணி மருத்துவமனை இந்த முறை அதைக் கேக் வெட்டிக் கொண்டாடியது. வாசலில் ‘நாம் ஒரே குடும்பம்’ என்று பேனர். ஊழியர்கள் எல்லோருக்கும் நாய்க்குட்டி படம் போட்ட டி-ஷர்ட். கேக்கைக் கையில் வாங்கிய ஓர் உதவியாளர், பல வாரமாகத் தள்ளிப்போய்க்கொண்டிருக்கும் தன் வார விடுமுறையைப் பற்றி மெதுவாகக் கேட்டிருக்கிறார். நிர்வாகி சிரித்தபடி சொன்ன பதில்: “பிராணிங்க மேல பிரியம் இருந்தா களைப்பே தெரியாதும்மா.” சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள்.

நிர்வாகி அப்படித்தான் பேசுவார், அவருக்கு லாபம். எரிச்சலூட்டுவது அந்தக் கைதட்டல். ஏனென்றால் ஊரே நம்புகிற விஷயம் அது. வாயில்லா ஜீவனுக்குச் செய்வது சேவை. சேவைக்குச் சம்பளம் பேசுவது பாவம். ஓய்வு கேட்பவருக்கு உள்ளூரப் பிரியம் இல்லை. வேலைக்கு ஆள் எடுக்கும் விளம்பரத்தையே பாருங்கள்: ‘விலங்குகளை நேசிப்பவர்கள் மட்டும் விண்ணப்பிக்கவும்.’ வங்கியில் காசாளர் வேலைக்குப் பணத்தை நேசிப்பவர்கள் மட்டும் வரவும் என்று யாரும் விளம்பரம் கொடுப்பதில்லை. அங்கே சம்பளம் எவ்வளவு என்று தெளிவாக அச்சடிக்கிறார்கள். இங்கே சம்பளம் இருக்க வேண்டிய இடத்தில் ஓர் இதயம் வரைந்திருக்கிறது.

இந்த நம்பிக்கைக்கு ஒரு குலதெய்வம் உண்டு. ஜேம்ஸ் ஹெரியட். இயற்பெயர் ஜேம்ஸ் ஆல்ஃபிரட் வைட். 1916-இல் பிறந்தவர், 1940 முதல் இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் தர்ஸ்க் என்ற சிற்றூரில் மாடும் ஆடும் குதிரையும் பார்த்தவர். 1970-இல் முதல் புத்தகம் வந்தது. பிறகு உலகப் புகழ், தொலைக்காட்சித் தொடர், 2020-இல் மறுபடியும் புதிதாக ஒரு தொடர். கால்நடை மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைத்த பிள்ளைக்குப் படித்த மாமாக்கள் வாங்கிக் கொடுக்கும் புத்தகம் இவருடையதுதான். “பார், மனுஷன் எப்படி ரசிச்சு ரசிச்சு வேலை பார்த்திருக்கான்!”

மாமாக்கள் முதல் அத்தியாயத்தைத் தாண்டிக் குதித்துவிட்டார்கள் போலிருக்கிறது. அந்த முதல் அத்தியாயத்தில் ஹெரியட் என்ன செய்கிறார்? தொழுவத்தின் கல் பாவிய தரையில் மேலுக்குச் சட்டையில்லாமல் படுத்துக் கிடக்கிறார். ஒரு கை தோள்வரை பசுவுக்குள். திறந்த கதவு வழியாகப் பனி வீசுகிறது. பக்கத்தில் வீட்டுக்காரரின் மாமா ஒருவர் நின்றுகொண்டு, வேறொரு மருத்துவரின் கெட்டிக்காரத்தனத்தை விடாமல் புகழ்ந்துகொண்டிருக்கிறார். உலகமே கொண்டாடும் பிராணி நேசத்தின் வேதப்புத்தகம் ஓர் அவமரியாதையில்தான் ஆரம்பிக்கிறது. அதைச் சிரிப்பாக எழுதியது வைட்டின் திறமை. சிரிப்பை மட்டும் எடுத்துக்கொண்டு குளிரை விட்டுவிட்டது நம்முடைய திறமை.

புத்தகத்துக்கு வெளியே நடந்தது இன்னும் மோசம். மாடுகளிடமிருந்து மனிதருக்குத் தொற்றும் புருசெல்லா காய்ச்சலில் அவர் விழுந்தார். 1960 வாக்கில் கடுமையான மனச்சோர்வு வந்து, மின்னதிர்ச்சி சிகிச்சை வரை போனது. சொல்வது யாரோ வேண்டாதவர் இல்லை. அவருடைய மகன், அவரும் கால்நடை மருத்துவர், 1999-இல் எழுதிய வாழ்க்கை வரலாற்றில் இருக்கிறது. பிரியம் இருந்தால் களைப்பு தெரியாதாம். வைட்டைவிடப் பிரியம் உள்ளவரை இனி எங்கே போய்த் தேடுவது?

நம் ஊர்த் தொழுவத்துக்கு வரலாம். ராத்திரி ஒரு மணிக்குப் போன். முதல் ஈத்துக் கிடாரி, சாயங்காலத்திலிருந்து முக்குகிறது, கன்றின் கால் மட்டும் தெரிகிறது. மருத்துவர் பைக்கில் போகிறார். கூட உதவியாளர் இருந்தால் அதிர்ஷ்டம். செல்போன் வெளிச்சத்தில் சோப்புத் தண்ணீரைக் கையில் தடவி உள்ளே விட்டால், கன்றின் தலை பக்கவாட்டில் திரும்பிக் கிடக்கிறது. காலை உள்ளே தள்ளி இடம் உண்டாக்கி, தலையைப் பிடித்துத் திருப்ப வேண்டும். மாடு முக்கும் ஒவ்வொரு தடவையும் கருப்பை இறுகி, இடுப்பெலும்புக்கு நடுவில் கை நசுங்குகிறது, விரல் மரத்துப்போகிறது, கையை வெளியே எடுத்து உதறிவிட்டு மறுபடி விட வேண்டும். தலை நேரான பிறகு முன்னங்கால்களில் கயிறு கட்டி, மாடு முக்கும்போது மட்டும் இரண்டு பேர் இழுக்கிறார்கள். கன்று விழுகிறது. மூக்கில் வைக்கோல் விட்டுத் தும்ம வைக்கிறார்கள். வீடே கன்றைப் பார்க்கிறது. மருத்துவரின் கையை யார் பார்ப்பார்கள்? அப்போது திண்ணையில் இருந்து ஒரு பெரியவர் சொல்வார்: “போன தடவ வந்த டாக்டரு பத்தே நிமிஷத்துல எடுத்துட்டாருங்க. அவரு கைராசி அப்படி.”

யார்க்‌ஷயரின் மாமா இங்கேயும் இருக்கிறார். எல்லா ஊரிலும் இருக்கிறார்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு அதே மருத்துவர் மருந்தகத்தைத் திறக்க வேண்டும். ராத்திரி விழித்ததற்கு ஈடாகப் பகலில் தூக்கம் உண்டா என்று கேட்டுப் பாருங்கள். கேட்டவருக்கு, ‘மாட்டு டாக்டருக்கு என்ன அவ்வளவு வேலை’ என்ற பதில் இலவசமாகக் கிடைக்கும். பன்னிரண்டாம் வகுப்பில் அத்தனை மதிப்பெண் வாங்கி, ஐந்தரை ஆண்டு படித்து, மாடு, ஆடு, கோழி, பன்றி, நாய், பூனை என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனி உடற்கூறும் மருந்தளவும் மனப்பாடம் செய்தவருக்கு இந்தப் பட்டம். வேப்பேரியில் சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி 1903-இல் தொடங்கியது. கால்நடைக்கென்று தனிப் பல்கலைக்கழகம் 1989-இலேயே தமிழ்நாட்டுக்கு வந்துவிட்டது. அப்புறமும் சினிமாவில் காமெடியன் கையில் பெரிய ஊசியைக் கொடுத்தால் அவர் மாட்டு டாக்டர். அந்த நகைச்சுவையை எழுதியவர் வீட்டு நாய்க்கு வலிப்பு வந்தால் மட்டும், ராத்திரி பதினொரு மணிக்கு ‘டாக்டர் சார்’.

கணக்கையும் கொஞ்சம் பார்த்துவிடலாம். ஐயாயிரம் கால்நடை அலகுக்கு ஒரு மருத்துவர் வேண்டும் என்று தேசிய விவசாய ஆணையம் சொன்னது 1976-இல். 2019-ஆம் ஆண்டின் 20-ஆவது கால்நடைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் மாடும் எருமையும் மட்டும் ஒரு கோடியைத் தொடுகின்றன. வெள்ளாடு கிட்டத்தட்ட 99 லட்சம். செம்மறி 45 லட்சம். கோழி 12 கோடி. ஜல்லிக்கட்டுக் காளைக்குத் தகுதிச் சான்று தருபவரும், பறவைக் காய்ச்சல் என்றால் பண்ணைக்கு ஓடுபவரும், ரயில் மோதிய யானையைப் பிரேதப் பரிசோதனை செய்பவரும் இதே படிப்புப் படித்தவர்கள்தான். காளையின் திமிலைப் பற்றிப் பத்துப் பக்கம் எழுதும் பத்திரிகைகள், வாடிவாசலுக்குப் பின்னால் வெயிலில் நின்று ஒவ்வொரு காளையாகக் கண்ணையும் காலையும் பார்த்து அனுப்புகிறவரைப் பற்றி ஒரு வரி எழுதியதுண்டா?

மருத்துவருக்காவது பெயருக்கு முன்னால் ‘டாக்டர்’ என்று போட முடிகிறது. கால்நடைப் பராமரிப்பு உதவியாளருக்கு அதுவும் இல்லை. தனியார் கிளினிக்கில் அவர் பெயர் வெறும் ‘பையன்’. ஐம்பது வயதானாலும் பையன். ஒரு லாப்ரடார் நாய்க்கு ரத்தம் எடுப்பதை அருகில் நின்று பார்த்தால் யார் வேலை எதுவென்று புரியும். உதவியாளர் இடக்கையை நாயின் கழுத்தைச் சுற்றிக் கொடுத்துத் தலையைத் தன் தோளோடு அணைக்கிறார். வலக்கையால் முன்னங்காலை நீட்டி, முழங்கைக்குக் கீழே பெருவிரலால் அழுத்தி நரம்பைப் புடைக்க வைக்கிறார். அந்தப் பெருவிரல் சற்று நழுவினால் ஊசி இறங்காது. கழுத்துப் பிடி சற்றுத் தளர்ந்தால் அந்தப் பல் முதலில் போய்ச் சேரும் இடம் அவருடைய கன்னம். நாய்க்காரர் அப்போது என்ன சொல்வார்? “மெதுவாப் பிடிப்பா, அவனுக்கு வலிக்குது.”

அந்த உதவியாளருக்கு வெறிநோய்க்கான முன்தடுப்பு ஊசி போட்டிருக்கிறதா? விலங்குகளோடு வேலை செய்கிற ஒவ்வொருவருக்கும் கடி படும் முன்பே போட வேண்டிய ஊசி அது. உலக சுகாதார நிறுவனம் சொல்லிக்கொண்டேதான் இருக்கிறது. குடும்பம் என்று பேனர் அடித்த இடங்களில் போய்க் கேளுங்கள். பேனரின் விலையையும் ஊசியின் விலையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

அரசு முகாம்களிலும் கதை பெரிதாக மாறுவதில்லை. கோமாரியையும் புருசெல்லாவையும் ஒழிக்க மத்திய அரசு 2019-இல் 13,343 கோடி ரூபாயில் ஒரு திட்டம் தொடங்கியது. நல்ல திட்டம். நான்கு முதல் எட்டு மாதக் கிடாரிக் கன்றுகளுக்குப் போடும் புருசெல்லா தடுப்பூசியில் இருப்பது உயிருள்ள கிருமி. கன்று துள்ளி, ஊசி போடுகிறவர் விரலிலேயே குத்திவிட்டால், அவருக்கே அந்தக் காய்ச்சல் வரலாம். விட்டு விட்டு வரும், மூட்டைப் பிடிக்கும், மாதக்கணக்கில் இழுக்கும். வைட்டைப் படுக்கையில் தள்ளிய அதே காய்ச்சல். கண்ணாடியும் கையுறையும் போட்டுக்கொள்ளச் சொல்லும் சுற்றறிக்கை நேரத்துக்கு வந்துவிடும். துள்ளும் கன்றைப் பிடிக்க இரண்டாவது ஆள்தான் வருவதில்லை. ஊசி போட்டு, காதில் 12 இலக்க எண் அட்டை மாட்டி, அந்த எண்ணைச் செல்போனில் ஏற்றி, அன்றைய இலக்கு எட்டவில்லை என்று மாலையில் வாட்ஸ்அப் குழுவில் திட்டும் வாங்க வேண்டும். காய்ச்சல் வந்தால், பிரியம் இருக்கிறதே, தணிந்துவிடும்.

இதெல்லாம் நம் நாட்டுச் சோம்பேறிகளின் புலம்பல் என்று நினைப்பவர்களுக்கு அமெரிக்கக் கணக்கு ஒன்று. 1979 முதல் 2015 வரை இறந்த கால்நடை மருத்துவர்களின் பதிவேடுகளை அந்த நாட்டு நோய்த் தடுப்பு மையத்தினர் ஆராய்ந்து 2019-இல் வெளியிட்டார்கள். தற்கொலையால் இறப்பது, பொதுமக்களோடு ஒப்பிட்டால், ஆண் மருத்துவர்களில் 2.1 மடங்கு, பெண்களில் 3.5 மடங்கு. நீண்ட நேர வேலை, படிப்புக் கடன், வாடிக்கையாளரின் வசவு, தினமும் கருணைக்கொலை செய்ய வேண்டிய நிலை என்று காரணங்கள் பேசப்படுகின்றன. ‘பிராணிகள் மேல் பிரியம் போதவில்லை’ என்ற காரணத்தை இதுவரை யாரும் கண்டுபிடிக்கவில்லை. பிரியம் உள்ளவருக்குத்தான் இந்த வேலை கூடுதலாக வலிக்கிறது. பணமில்லை என்பதால் பிழைக்கக்கூடிய நாயைக் கொன்றுவிடச் சொல்லும்போது, பிரியம் இல்லாதவர் ஊசியைப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார்.

பணம் என்றதும் நாய்க்காரர்களையும் சும்மா விட முடியவில்லை. செல்லத்தின் பிறந்தநாளுக்குச் சர்க்கரை போடாத தனிக் கேக். குளிப்பாட்டி முடிவெட்ட ஆயிரக்கணக்கில். சீருடை மாதிரி சட்டை. மருத்துவரின் கட்டணம் என்றதும் மட்டும் பேரம்: “ஒரு நிமிஷம்தானே சார் பார்த்தீங்க?” பார்வோ தடுப்பூசியைத் தள்ளித் தள்ளிப் போட்டு, குட்டி ரத்தக் கழிச்சலோடு சுருண்ட பிறகு கொண்டுவருகிறார்கள். அது பிழைக்காவிட்டால் கூகுளில் ஒற்றை நட்சத்திரமும், ‘காசு பிடுங்கிகள், பிராணி நேசம் துளியும் இல்லை’ என்ற விமர்சனமும். வாட்ஸ்அப்பில் புகைப்படம் அனுப்பி இலவசமாக மருந்துப் பெயர் கேட்பவர்கள் ஒரு தனி இனம். அவர்களைக் கணக்கெடுப்பில் சேர்க்கலாம்.

இப்போது புது வழக்கம் ஒன்று, மனநலக் கருத்தரங்கு. ஓட்டல் அரங்கில் ஒருவர் வந்து மூச்சை உள்ளே இழு, வெளியே விடு என்கிறார். மூச்சுப் பயிற்சியில் குற்றமில்லை. ஆனால் வேலைப் பட்டியலில் ஓர் இரவு விடுமுறை கூட மாறாமல் மூச்சை மட்டும் மாற்றச் சொல்வது, குற்றத்தை மெதுவாக ஊழியரின் நுரையீரல் பக்கம் தள்ளிவிடுகிற வேலை. கழிப்பறை இல்லாத மருந்தகத்தில் வேலை செய்யும் பெண் மருத்துவரிடம் போய் மன அமைதி பற்றிப் பேச ஒரு தனித் துணிச்சல் வேண்டும்.

ஹெரியட் ரசிகர்கள் கடைசியாக ஒரு துருப்புச் சீட்டை வைத்திருப்பார்கள்: புத்தகம் கோடிக்கணக்கில் விற்றுப் பணம் குவிந்த பிறகும் அவர் மாடு பார்ப்பதை விடவில்லையே, அது பிரியம்தானே? பிரியம்தான். ஆனால் அந்தக் காலத்துத் தர்ஸ்கில் அவர் தனி ஆளாக இல்லை. கூட்டாளி இருந்தார், 1967-இல் மகனும் அதே மருத்துவமனையில் வந்து சேர்ந்தார், இரவு அழைப்பைப் பகிர்ந்துகொள்ள ஆட்கள் இருந்தார்கள். வேண்டாம் என்று சொல்ல முடிந்த மனிதர், விரும்பி வேலைக்குப் போனார். அந்த வசதியை ஊழியருக்குக் கொடுத்துவிட்டுப் பிறகு பிரியத்தைப் பற்றிப் பேசட்டும்.

ஒற்றை மருத்துவர் மருந்தகத்தில் அந்த வசதி எப்படி இருக்கிறது? லீவு போட்டால் பக்கத்து ஊர் மருத்துவருக்குக் ‘கூடுதல் பொறுப்பு’ என்று உத்தரவு போகும். அவர் தன் மருந்தகத்தைக் காலையில் பார்த்துவிட்டு இங்கே ஓடிவர வேண்டும். அதனால் லீவு எழுதும் முன் அவருக்குத்தான் முதலில் போன் செய்து கெஞ்ச வேண்டியிருக்கிறது. செய்தால், ஏற்கெனவே காலியாகக் கிடக்கும் இன்னொரு ஊருக்கும் தானே கூடுதல் பொறுப்பு என்கிறார் அவர். அடுத்த மாதம் தங்கை கல்யாணம், அந்த இரண்டு நாளுக்குத் தனக்கும் ஆள் கிடைக்குமா என்று திருப்பிக் கேட்கிறார்.