ஊர் பெயர் இல்லாத காசு



நம் பள்ளியில் தபால்தலை சேர்த்தவர்கள் எல்லாம் இப்போது காசுக்கு மாறிவிட்டார்கள். இடைவேளையில் ஒருத்தன் பென்சில் டப்பாவைத் திறந்தால் உள்ளே ஓட்டைக் காலணா, திப்பு சுல்தானின் யானைக் காசு, ராஜராஜ சோழன் செப்புக்காசு என்று என்னென்னவோ கிடக்கிறது. பழங்காசு பணக்காரங்க விஷயம்னு சிலர் சொல்றாங்க. அது தப்பு. ஒரு பக்கம் நிற்கிற மனிதர், மறுபக்கம் உட்கார்ந்திருக்கிறவர், பக்கத்தில் நாகரி எழுத்தில் ஸ்ரீராஜராஜ என்று பெயர். இந்தக் காசுக்கு ஆயிரம் வயசு. ஆனாலும் நிறைய அடித்திருப்பதால், தேய்ந்த காசு ஒரு கிரிக்கெட் பந்து விலைக்கே கிடைக்கும். திப்பு காசும் அப்படித்தான். 1799 வரைக்கும் நம் ஊர் மைசூர்க்காரர்கள் கையில் இருந்ததால் அது இங்கே பல வீடுகளில் உண்டு.

ஆகவே சேர்க்கலாம், தாராளமாகச் சேர்க்கலாம். ஆனால் என் கருத்து என்னவென்றால், எங்கே கிடைத்தது என்று எழுதி வைக்காத காசு பாதிக் காசுதான். நாமே போய் மண்ணைத் தோண்டி எடுப்பது கூடவே கூடாது. இதைச் சொன்னதும் என் வகுப்பில் பெரிய சண்டை. "எழுதி வெச்சா மட்டும் செம்பு தங்கமாயிடுமா?" என்று கேட்டார்கள். அதற்குத்தான் இந்தக் கட்டுரை.

வெள்ளலூரை எடுத்துக்கொள்ளுங்கள். இன்றைக்கு அந்தப் பெயரைச் சொன்னால் குப்பைக் கிடங்குதான் நமக்கு ஞாபகம் வரும். ஆனால் நொய்யல் கரையில் இருக்கிற அந்த ஊரில் 1842-ல் 500-க்கும் மேற்பட்ட ரோமானிய வெள்ளிக் காசுகள் ஒரே இடத்தில் கிடைத்தன. 1891-ல் மறுபடியும், 1931-ல் இன்னொரு தடவையும் கிடைத்தன. பொள்ளாச்சி, கரூர், கத்தாங்கண்ணி, உடுமலை பக்கம் பூதிநத்தம் என்று கொங்கு நாடு முழுக்க இப்படி ஊர்கள் இருக்கின்றன. பெரும்பாலும் அகஸ்டஸ், டைபீரியஸ் என்ற இரண்டு சக்கரவர்த்திகளின் காசுகள்தான்.

கடலே இல்லாத நம் ஊருக்கு ரோமானியக் காசு எப்படி வந்தது? ஊர்ப் பெயர்களை வரைபடத்தில் புள்ளி வைத்துப் பாருங்கள். மேற்குக் கடற்கரை முசிறியில் இருந்து பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கரூருக்குப் போகிற பாதை தானாகத் தெரியும். காங்கயம் பக்கம் படியூரில் பெரில் என்கிற நீலப்பச்சைக் கல் கிடைக்கும். சென்னிமலை பக்கம் கொடுமணலில் 1985-ல் தமிழ்ப் பல்கலைக்கழகம் அகழாய்வு தொடங்கியபோது மணிகள் செய்த பட்டறை, இரும்பு உருக்கிய உலை, தமிழ் பிராமி எழுதிய பானை ஓடுகள் எல்லாம் வந்தன. கல்லும் இரும்பும் போனது, வெள்ளி வந்தது. இவ்வளவும் தெரிய ஒரே காரணம், அந்தக் காலத்தில் யாரோ ஊர் பெயரையும் எண்ணிக்கையையும் எழுதி வைத்ததுதான். எழுதாமல் ஆளுக்கு ரெண்டு காசு என்று பிரித்துக்கொண்டு போயிருந்தால் அந்தப் பாதை நமக்குத் தெரிந்திருக்காது.

நம் மாவட்டத்துக்கு வெளியே இன்னும் நல்ல உதாரணம் ஒன்று இருக்கிறது. 1898-ல் புதுக்கோட்டைப் பக்கம் 501 ரோமானியத் தங்கக் காசுகள் ஒரே புதையலாகக் கிடைத்தன. பெரும்பாலான காசுகளில் சக்கரவர்த்தியின் முகத்துக்குக் குறுக்கே உளியால் வெட்டியிருந்தது. இத்தனை காசில் ஒரே மாதிரி வெட்டு இருந்ததால்தான் வேண்டுமென்றே செய்தது என்று அறிஞர்கள் சொன்னார்கள். அதில் ஒன்று மட்டும் தனியாக நம் கைக்கு வந்திருந்தால்? "கீறல் விழுந்திருக்குது, விலையைக் கொறைங்க" என்று பேரம்தான் பேசியிருப்போம்!

இதற்காகக் காசு சேர்க்கிறவர்களையே திட்டுகிறவர்கள் பக்கமும் நான் இல்லை. எல்லாக் காசையும் அரசாங்கத்திடம் கொடுத்துவிட வேண்டும் என்று எங்கள் வகுப்பில் ஒரு கோஷ்டி சொல்கிறது. தினமலர் ஆசிரியராக இருந்து 2021-ல் மறைந்த இரா. கிருஷ்ணமூர்த்தி ஆர்வத்தால் காசு சேர்த்தவர்தான். பெருவழுதி என்று தமிழ் பிராமியில் எழுதிய பாண்டியர் காசை 1980-களில் அடையாளம் கண்டு சொன்னவர் அவர். சங்க கால ராஜாக்கள் சொந்தமாகக் காசு அடித்தார்களா என்ற சந்தேகம் அதற்கு முன்பு இருந்தது. கரூர் அமராவதி ஆற்று மணலில் கிடைத்த, மாக்கோதை என்று பெயர் எழுதிய சேரர் வெள்ளிக் காசும் இதே போலத்தான் உலகத்துக்குத் தெரிந்தது. பார்க்கத் தெரிந்த கண் இல்லாவிட்டால் இந்த மாதிரிக் காசுகள் எடைக்குப் போய் உருகியிருக்கும். அதனால் சேகரிப்பவர் வேண்டும். எழுதி வைக்கிற சேகரிப்பவர் வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது என்றும் தெரிந்துகொள்ளுங்கள். 1878-ஆம் வருஷத்துப் புதையல் சட்டப்படி, மண்ணில் மறைந்து கிடந்து கிடைக்கிற பொருள் 10 ரூபாய்க்கு மேல் மதிப்பு உள்ளதென்றால் கலெக்டருக்கு எழுதித் தெரிவிக்க வேண்டும். மறைத்தால் ஜெயில் கூட உண்டு. ஆனால் அரசு அதை எடுத்துக்கொண்டால் தருவது உலோகத்தின் விலையும், அதில் ஐந்தில் ஒரு பங்கு கூடுதலும்தான். செப்புக்காசுக்கு இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள், ஒரு டீக்குக் கூடக் காணாது. ரெண்டாயிரம் வருஷத்துக் காசுக்குப் பழைய பாத்திர விலை கொடுத்தால் யாருங்க கொண்டுவந்து கொடுப்பாங்க? இந்த விஷயத்தில் சட்டம் மாறவேண்டும் என்பது என் எண்ணம். 1972-ஆம் வருஷத்துச் சட்டம் வேறு: நூறு வருஷத்துக்கு மேற்பட்ட தொல்பொருளைத் தனியார் யாரும் வெளிநாட்டுக்கு அனுப்பக்கூடாது, வியாபாரம் செய்ய லைசென்ஸ் வேண்டும். வெளிநாட்டு மாமாவுக்குப் பரிசாக அனுப்ப நினைப்பவர்கள் கவனிக்கவும்.

ஏமாற்றுக்காரர்களைப் பற்றியும் சொல்லியாகணும். ஒரு பக்கம் அனுமார், மறுபக்கம் கிழக்கிந்தியக் கம்பெனி பெயர், 1818 என்று வருஷம். இந்தக் காசை லட்சக்கணக்கில் விற்கலாம் என்று கதை விடுகிறார்கள். அரிசியை இழுக்கும், வீட்டில் பணம் கொட்டும் என்பார்கள். கம்பெனி அப்படி ஒரு காசு அடிக்கவே இல்லை. (மெட்ராஸில் அடித்த நட்சத்திர வராகனில் சாமி உருவம் உண்டு, ஆனால் அது தங்கம், அது வேற கதை.) பழைய நோட்டும் காசும் வாங்குவதாகத் தன் பெயரைச் சொல்லிக் கமிஷன் கேட்பவர்களை நம்பவேண்டாம் என்று ரிசர்வ் வங்கியே 2021-ல் எச்சரித்தது.

இன்னொன்று, தயவுசெய்து யாரும் காசைப் புளி போட்டுத் தேய்க்காதீர்கள். எங்கள் வகுப்பில் ஒரு சோழர் காசு பளபளவென்று புதுப் பித்தளைத் தட்டு மாதிரி ஆகிவிட்டது, எழுத்துதான் இல்லை. அந்தப் பச்சைக் களிம்பு காசுக்குச் சட்டை மாதிரி. அழுக்கை எடுக்கணும் என்றால் பேட்டரிக்கு ஊற்றும் தண்ணீரில் ஊறவைத்து, மெதுவாகத் துடைத்தால் போதும்.

சமூக அறிவியல் ஆசிரியரிடம் ஒரு வேண்டுகோள். ஆய்வக அலமாரியில் ஒரு நீள நோட்டு வைக்க அனுமதி வேண்டும். காசின் எடை, அளவு, இரண்டு பக்கமும் பென்சிலால் தேய்த்து எடுத்த படம், யாரிடம் வாங்கியது, அவருக்கு எந்த ஊரில் கிடைத்தது என்று அதில் எழுதுவோம். ஊர் தெரியாவிட்டால் 'தெரியாது' என்றே எழுதலாம், கற்பனையாக எழுதக்கூடாது. தோட்டத்தில் உழும்போது காசு வந்தால் அந்த இடத்தை மேலும் கிளறாமல் ஆசிரியரிடம் சொல்லுங்கள். கோவையிலும் ஈரோட்டிலும் கரூரிலும் அரசு அருங்காட்சியகம் இருக்கிறது, யாரிடம் எழுதித் தெரிவிப்பது என்று அங்கே கேட்டுக்கொள்ளலாம். நோட்டுக்கு அட்டை போட்டு, கோடு கிழித்து நான் தயாராக வைத்திருக்கிறேன். முதல் பக்கத்தில் என்னுடைய ஏழு காசுகள். அதில் நாலுக்கு 'தெரியாது'.

இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவன்